பப்பாளி மாவுப்பூச்சி என்று எழுதினேன்

பூச்சிகளை இனங்காண எங்கள் துறையில் ஒரு கையேடு இருந்தது. அதன் கடைசி அத்தியாயம் சிலந்திகளுக்கு. சிலந்திக்கு எட்டுக் கால், ஆகவே அது பூச்சி அல்ல என்று முதல் பத்தியிலேயே சொல்லியிருப்பார்கள். அத்தியாயத்தின் தலைப்போ ‘நன்மை செய்யும் பூச்சிகள்’. இதைத் திருத்தச் சொல்லிப் பணியில் இருந்தபோது மூன்று கடிதங்கள் எழுதினேன். மூன்றுக்கும் பரிசீலனையில் இருப்பதாகப் பதில் வந்தது. ஓய்வு பெற்ற நாளில் சால்வையும் சுவர்க் கடிகாரமும் கொடுத்தார்கள். கையேட்டை நானே எடுத்துக்கொண்டேன். இருப்புப் பதிவேட்டில் அது கரையான் அரித்ததாக எழுதி ஏற்கெனவே கழிக்கப்பட்டிருந்தது.

அதில் எனக்குப் பிடித்த பகுதி, நாங்கள் ‘கீ’ என்று சொல்லும் கேள்விப் பட்டியல். ஒவ்வோர் எண்ணிலும் இரண்டு வாக்கியங்கள் இருக்கும். உடல் மஞ்சள் என்றால் எட்டாம் எண்ணுக்குப் போ, இளஞ்சிவப்பு என்றால் ஐந்துக்குப் போ. இப்படிப் போய்க்கொண்டே இருந்தால் கடைசியில் ஒரு பெயர் வந்து நிற்கும். முப்பத்து நான்கு வருட உத்தியோகத்தில் கேட்ட கேள்விக்குத் தவறாமல் பதில் சொன்னது அந்தப் பட்டியல் ஒன்றுதான்.

கொரோனா அடங்கிய பிறகு ஒரு நாள் காலை, பணியில் என் ஜீப்பை ஓட்டியவர் பாப்பாரப்பட்டியிலிருந்து பஸ் ஏறித் தருமபுரியில் என் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் பை, அதற்குள் மரவள்ளித் தளிர். ஓய்வுக்குப் பிறகு இரண்டு ஏக்கரைக் குத்தகைக்கு எடுத்து மரவள்ளி வைத்திருந்தார்.

“பக்கத்துல உக்காந்தவன் என்னா கீரைன்னு கேட்டானுங்க சார். பெரிய ஆபீசரு வூட்டுக்கு, ரசம் வெக்கன்னு சொல்லிட்டேன்.”

தளிர் நுனி சுருண்டு முட்டைக்கோஸ் போலக் கொத்தாகியிருந்தது. பிரித்தால் உள்ளே மாவு.

“இந்தக் கெழங்கு தேறுச்சின்னா இங்கியே இருந்துக்குவனுங்க. இல்லன்னா ஓசூருதான். கம்பெனி வேனு ஓட்ட ஆளு வேணுமாம், மருமவன் சொல்லி வெச்சிருக்கான்.”

“இந்த வயசிலயா?”

“தொப்பூர் எறக்கத்துல உங்கள பத்திரமா எறக்குன கண்ணுதாங்க. ஒன்னுல ஆபரேசன் ஆச்சு. இன்னொன்னுல, எதிர்ல வர்றது பஸ்ஸா மாடான்னு கிட்ட வந்தாத்தான் தெரியுது.”

கையேட்டையும் உருப்பெருக்கியையும் எடுத்து வைத்தேன். அவர் ஒரு பூச்சியைக் கட்டைவிரலால் நசுக்கி என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

“ரோஸ் கலருங்க சார்.”

இளஞ்சிவப்பு என்று எடுத்துக்கொண்டு போனேன். செம்பருத்தியைத் தாக்கும் மாவுப்பூச்சியில் போய் முடிந்தது. அதற்குச் சொல்லியிருந்த மற்ற அடையாளங்கள் எதுவும் ஒத்து வரவில்லை. திரும்பி வந்து, மஞ்சள் என்று எடுத்துக்கொண்டு போனேன். பப்பாளி மாவுப்பூச்சி என்று வந்தது. அது மரவள்ளியிலும் வரும். அதைவிட முக்கியம், அதன் உடலுக்குள் முட்டையிட்டு அதை அழிக்க ஒரு சின்னக் குளவி உண்டு. விண்ணப்பித்தால் ஆய்வு நிலையத்தில் இலவசமாகத் தருவார்கள். விண்ணப்பம் எப்படி எழுத வேண்டும், யார் மூலம் அனுப்ப வேண்டும், எந்த மேசையில் அது தூங்கும், தூங்கினால் யாரை எழுப்ப வேண்டும் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. பூச்சியின் பெயர் தெரியவில்லை என்று எழுதினால் அந்தக் காகிதம் நகரவே நகராது என்பதும் தெரியும்.

“வெளிர் மஞ்சள்தான். மெழுகு படிந்திருப்பதால் அப்படித் தெரிகிறது” என்றேன்.

அவர் கட்டைவிரலை இன்னொரு முறை பார்த்துவிட்டு வேட்டியில் துடைத்துக்கொண்டார். “எனக்குத்தான் ஒரு கண்ணு சரியில்லயே.”

ஒரு சோதனையும் செய்தேன். பப்பாளி மாவுப்பூச்சியை ஸ்பிரிட்டில் போட்டால் ஓரிரு நாளில் கறுத்துவிடும். கொரோனாவுக்கு வாங்கி மிஞ்சியிருந்த ஸ்பிரிட்டில் நான்கைந்தைப் போட்டு வைத்தேன். மூன்றாம் நாளும் அவை போட்டபடியே கிடந்தன. அந்த நாட்களில் விற்றதெல்லாம் தண்ணீர் கலந்த சரக்கு என்று கடைக்காரரைத் திட்டிவிட்டு விண்ணப்பத்தை அனுப்பினேன்.

இரண்டு வாரத்தில் குளவிகள் வந்துவிட்டன. அந்த வேகத்துக்காக என்னை நானே மெச்சிக்கொண்டேன். காலை வெயில் ஏறுமுன் வயலில் குப்பிகளைத் திறந்துவிட்டோம்.

“மருந்து அடிக்கவே கூடாது. அடித்தால் குளவி செத்துவிடும். செடியையும் வெட்டக் கூடாது.”

“கைய கட்டிட்டு நிக்கணுங்களா?”

“நிற்க வேண்டும்.”

“அது உங்க கூட ஜீப்புல காத்துக் கெடந்து நல்லாப் பழகிருச்சுங்க.”

பக்கத்து வயல்காரர்கள் எந்தப் புத்தகத்தையும் பார்க்கவில்லை. சுருண்ட நுனிகளை ஒடித்துச் சாக்கில் கட்டி எரித்தார்கள், மருந்தும் அடித்தார்கள். அவர்களுக்குப் பாதிக்கு மேல் தப்பியது. இவரிடமும் வந்து சொல்லியிருக்கிறார்கள். ‘எங்க சார் சொல்லிட்டாரு’ என்று பதில் சொல்லி அனுப்பிவிட்டாராம். அதை அவருடைய மனைவி பிறகு என்னிடம் சொன்னார். குறையாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னார், அவ்வளவுதான்.

ஆறு வாரம் கழித்துப் போனேன். குளவி வேலை செய்திருந்தால் ஊதிக் காய்ந்த பூச்சிக் கூடுகள் இலையடியில் ஒட்டியிருக்கும். வரிசை வரிசையாகத் தேடினேன், ஒன்றுகூட இல்லை. கணுக்கள் நெருங்கித் தண்டுகள் முறுக்கிக்கொண்டு நின்றன. செடி இடுப்புக்கு மேல் வளரவில்லை. ஒன்றைப் பிடுங்கிக் காட்டினார். கிழங்கு விரல் தடிமனுக்கு இருந்தது.

அப்போதுதான் முதல் நாளே செய்திருக்க வேண்டியதைச் செய்தேன். மாதிரிகளைக் குப்பியில் அடைத்து, பென்சிலால் எழுதிய சீட்டை உள்ளே போட்டு, மாவுப்பூச்சிகளை மட்டுமே படிக்கும் ஒரு அம்மையாருக்கு அனுப்பினேன். பத்தாம் நாள் அவர் தொலைபேசியில் கூப்பிட்டார்.

“சார், இது மரவள்ளி மாவுப்பூச்சி. தென் அமெரிக்காவிலிருந்து வந்தது. நம்ம பக்கம் வந்து கொஞ்ச வருஷம்தான் ஆகுது. நீங்க எதை வெச்சுப் பாத்தீங்க?”

கையேட்டின் பெயரைச் சொன்னேன்.

“அது அச்சானப்போ இந்தப் பூச்சி இங்க கிடையாதே, சார். புத்தகத்துல இல்லாததைக் கொடுத்தாலும் கீ ஏதாவது ஒரு பேர்ல கொண்டுபோய் நிறுத்திடும். உடம்பு ரோஸா இருந்திருக்குமே?”

இருந்தது என்றேன். இதற்கு வேறு குளவி உண்டு என்றும், அந்தப் பயிருக்கு இனி அது உதவாது என்றும் சொன்னார். அந்த வயலின் குச்சியை அடுத்த நடவுக்கு எடுக்க வேண்டாம், எரித்துவிடச் சொல்லுங்கள் என்றார்.

தொலைபேசியில் சொல்லக்கூடிய விஷயம் அல்ல என்பதால் நானே பாப்பாரப்பட்டிக்குப் பஸ் ஏறிப் போனேன். அவரும் மனைவியும் அதற்குள் பாதி வயலைப் பிடுங்கிக் குவித்துத் தீ வைத்திருந்தார்கள். பச்சைத் தண்டு எரியாமல் புகைந்தது. பூச்சியின் சரியான பெயரைச் சொன்னேன். நான் பார்த்த புத்தகம் பழையது என்றேன். பிறகு, அது சரியில்லை என்று தோன்றியதால், “நீங்கள் ரோஸ் என்று சொன்னீர்கள். நான்தான் மஞ்சள் என்று எழுதினேன்” என்றேன்.

“உடுங்க சார். புகை உங்க பக்கம் வருது பாருங்க, இந்தாண்ட வாங்க.”

அவர் மனைவி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். நானும் கொஞ்சம் பிடுங்கினேன். நான்கு செடிக்குள் மூச்சு வாங்கியது.

“ஓசூருக்கு எப்போது?”

“தை பொறந்ததும் வரச் சொல்லிருக்காங்க. லைசென்சு புதுப்பிக்கணும். இந்த வயசுக்கு டாக்டர் சர்டிபிகேட்டு கேக்கறாங்களாம், அது எந்த பாரமுங்க சார்?”

“ஒன்று ஏ. புகைப்படம் ஒட்டிப் பதிவு பெற்ற மருத்துவரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். கண்ணைப் பார்ப்பார்கள்.”

எதையும் பார்க்காமல்தான் சொன்னேன். அது சரியான பதிலும்கூட.

அவர் ஒரு தண்டைத் தீயில் தள்ளிவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டார். “சரிங்க சார். எதுக்கும் ஆர்.டி.ஓ. ஆபீசுல ஒரு வார்த்த கேட்டுக்கறனுங்க” என்றார்.