வீட்டுக்காரர் காதுபட ஒரு ஜெபம்

எங்கள் வீட்டில் ஒருவரையொருவர் திட்டிக்கொள்வது பெரும்பாலும் ஜெபத்தில்தான். இதைச் சொன்னால் சிரிப்பார்கள். திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவ வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு இது புதிதில்லை. சாயங்காலம் பாயை விரித்து எல்லோரும் உட்கார வேண்டும். ஒரு பாட்டு, பைபிளில் ஒரு அதிகாரம் வாசிப்பு, அப்புறம் சின்னவரில் ஆரம்பித்து ஒவ்வொருவராக வாய்விட்டு ஜெபிக்க வேண்டும். கடைசியில் வீட்டுத் தலைவர் ஜெபித்து முடித்துவைப்பார். முகத்துக்கு நேரே சொல்ல முடியாததை ஆண்டவரிடம் சொல்வதுபோல உரியவர் காதுபடச் சொல்லிவிடலாம். யாரும் குறுக்கே பேச முடியாது, எல்லோருக்கும் கண் மூடியிருக்கும்.

"ஈரத் துண்டைக் கட்டில்மேல் போடுகிறவர்களுக்கு நல்ல புத்தியைத் தாரும் சுவாமி" என்று நான் ஜெபிப்பேன். என் வீட்டுக்காரர் தன் முறை வரும்போது, மீன் குழம்பில் புளியை அள்ளிக் கொட்டுகிற கைகளை ஆசீர்வதித்துக் கொஞ்சம் அடக்கிவைக்கும்படி கேட்டுக்கொள்வார். மகள் ஹைதராபாத்தில் பிறந்து வளர்ந்தவள். தமிழில் சொன்னால் எல்லாம் புரியும், பதில் மட்டும் இங்கிலீஷிலோ தெலுங்கிலோ வரும். அவள் ஜெபமும் இங்கிலீஷில்தான். மம்மி என் போனை எடுத்துப் பார்க்காதிருக்க உதவி செய்யும் என்று ஒருநாள் ஜெபித்தாள். கண்ணைத் திறந்து அவளை முறைத்தேன். அவளும் கண்ணைத் திறந்து நான் முறைக்கிறேனா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்காரருக்கு ஹைதராபாத் நாச்சாரத்தில் ஒரு சின்ன தொழிற்சாலையில் லேத்து வேலை. அந்தப் பக்கத்திலேயே வாடகை வீடு. கல்யாணமாகி வந்த புதிதில் எனக்குத் தெலுங்கும் தெரியாது, இந்தியும் தெரியாது. காய்கறி வண்டிக்காரனிடம் விரலை நீட்டித்தான் வாங்குவேன். தமிழ் ஆராதனை ஞாயிறு ஒருநாள் மட்டும். மற்ற நாளெல்லாம் நான் மனம்விட்டுத் தமிழில் பேசியது வீட்டுக்காரரிடமும் ஆண்டவரிடமும்தான். வீட்டுக்காரர் வேலைக்குப் போனபின் அரிசி களைந்துகொண்டே, துணி பிழிந்துகொண்டே ஆண்டவரிடம் பேசிக்கொண்டிருப்பேன். பெரிய பக்தி என்றெல்லாம் சொல்ல மாட்டேன். பேச்சுத்துணைக்கு ஆள் வேண்டியிருந்தது, அவர் இருந்தார். அப்படியே பழக்கமாகி, என்ன வந்தாலும் முதலில் அவரிடம் போய் நிற்பது என் சுபாவமாகிவிட்டது.

மகளுக்கு மாதாப்பூரில் ஐ.டி. கம்பெனியில் வேலை கிடைத்த வருஷம், ஊரெல்லாம் மேம்பாலத்துக்குக் குழி தோண்டிப் போட்டிருந்தார்கள். அவளுக்கு ராத்திரி ஷிப்ட். சாயங்காலம் ஐந்து மணிக்கெல்லாம் ஆபீஸ் கேப் வாசலில் வந்து ஹாரன் அடிக்கும். அந்த வருஷம்தான் வீட்டுக்காரருக்குச் சாப்பாடு இறங்காமல் போனது. வயிறு எரிகிறது, முதுகு குத்துகிறது என்றார். ஆள் பாதியாகிவிட்டார். தெருமுனை டாக்டர் அல்சர் என்று மாத்திரை கொடுத்துப் பார்த்துவிட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார். அங்கே எல்லா டெஸ்டும் எடுத்தபின் டாக்டரம்மா என்னையும் மகளையும் மட்டும் உள்ளே கூப்பிட்டார். கணையத்தில் புற்று, ஈரல்வரை போயிருக்கிறது, ஆபரேஷனுக்கு வழியில்லை என்று மகளிடம் தெலுங்கில் சொன்னார். என் பக்கம் திரும்பி, வலி தெரியாமல் பார்த்துக்கொள்ளலாம் அம்மா என்றார். இத்தனை வருஷத்தில் தெலுங்கு எனக்கு வந்திருந்தது. வராமலே இருந்திருக்கலாம் என்று அன்றைக்கு நினைத்தேன்.

அப்பாவுக்குச் சொல்ல வேண்டும் என்றாள் மகள். கூடாது என்றேன் நான். அவர் தலைவலி வந்தாலே சொத்துபத்தெல்லாம் யாருக்கு என்று பேச ஆரம்பிக்கிற ஆள். தெரிந்தால் பயத்திலேயே போய்விடுவார் என்று சொல்லி அவள் வாயை அடைத்தேன். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தவரிடம், அல்சர்தான், கொஞ்சம் முற்றிவிட்டது, ஊசி போட வரவேண்டியிருக்கும் என்றேன். சரி என்றார். அந்த ஆஸ்பத்திரியின் முன்வாசலில் புற்றுநோய் என்று தெலுங்கிலும் இங்கிலீஷிலும் ஆள் உயரத்துக்கு எழுதியிருந்தது. டெஸ்டுக்கு வந்தபோதெல்லாம் வலியில் குனிந்தே நடந்தவர் அதைப் பார்த்திருக்க மாட்டார் என்று நினைத்து, அன்றிலிருந்து ஆட்டோவை மருந்துக் கிடங்குப் பக்கத்துப் பின்வாசலில் நிறுத்தச் சொல்வேன். அங்கே கூட்டம் குறைவு என்று ஒரு காரணமும் சொல்லி வைத்திருந்தேன்.

எல்லாவற்றையும் மறைத்துவிட்டேன், குடும்ப ஜெபத்தை மட்டும் யோசிக்கவில்லை. கேப் வருவதற்கு முன்னால், நாலரை மணிக்கே பாயை விரிப்போம். வீட்டுக்காரர் கட்டிலில் தலையணையில் சாய்ந்திருப்பார். மகள் எதையோ இரண்டு வரி முனகிவிட்டுத் தப்பித்துக்கொள்வாள். அடுத்தது நான். இந்த அல்சரைக் குணமாக்கும் ஆண்டவரே, வாயுத் தொல்லை நீங்கப் பண்ணும், சாப்பாடு செரிக்கப் பண்ணும் என்று ஜெபிப்பேன். ஆண்டவருக்கு எல்லாம் தெரியும். அவருக்குத் தெரியும் என்று எனக்கும் தெரியும். அவரிடமே போய் வீட்டுக்காரர் காதுபடப் புளுகிக்கொண்டிருந்தேன். முடித்ததும் துணி எடுக்கிற சாக்கில் மொட்டைமாடிக்கு ஓடுவேன். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்று உண்மையான ஜெபம் நடக்கும். அதை ஜெபம் என்று சொன்னால் எங்கள் போதகர் கோபித்துக்கொள்வார், அவ்வளவும் சண்டை. "கண்ணு அவிஞ்சா போச்சு உமக்கு" என்றுகூடக் கேட்டிருக்கிறேன். நாச்சாரம் தொழிற்சாலைகளின் மருந்து நாற்றம் அந்நேரத்துக்குத்தான் காற்றில் வரும். மூக்கைப் பொத்திக்கொண்டு அழுவேன்.

அப்படி அழுது முடித்தால் கீழே இறங்கிப்போய்க் கஞ்சி வைக்கத் தெம்பு வரும். அது எங்கிருந்து வந்தது என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது, ஆனால் வந்தது.

சபையிலிருந்து ஜெபக்குழுப் பெண்கள் ஒருநாள் வந்தார்கள். எல்லோரிடமும் முன்கூட்டியே சொல்லியிருந்தேன், அல்சர் என்றுதான் ஜெபிக்க வேண்டும் என்று. ஒரு அக்கா மட்டும் ஊருக்குப் போயிருந்து அன்று காலையில்தான் திரும்பியிருந்தார். அவர் வாயைத் திறந்தால் நாலு தெருவுக்குக் கேட்கும். "கேன்சர் கட்டுகளை அறுத்துப்போடும் ராஜா" என்று ஆரம்பித்தாரே பார்க்கலாம். ஜெபம் நடுவில் இருக்கும்போதே "ஆமென், ஆமென்" என்று தொண்டை கிழியக் கத்தி முடித்துவைத்தேன். அந்த அக்கா திகைத்துப்போய் என்னைப் பார்த்தார். வீட்டுக்காரர் மெதுவாகக் கண்ணைத் திறந்து, வந்தவர்களுக்குக் காபி கொடுக்கச் சொன்னார். அவர் காதில் சரியாக விழவில்லை என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன்.

பிறகு ஒரு வாரமிருக்கும். மகள் ஜெபித்தாள், நான் என் அல்சர் ஜெபத்தை ஒப்பித்தேன். அவர் முறை வந்தது. அவர் ஜெபத்தில் வேதப்புத்தகத் தமிழெல்லாம் இருக்காது. பக்கத்து லேத்தில் நிற்கிறவரிடம் பேசுவதுபோலத்தான் ஆண்டவரிடம் பேசுவார். அன்றைக்குத் தலையணையைச் சரிசெய்கிற சத்தம் மட்டும் கேட்டது. தூங்கிவிட்டாரோ என்று பார்க்கக் கண்ணைத் திறக்கப் போனேன். அப்போது பேச ஆரம்பித்தார்.

"ஆண்டவரே, இவ என்னைப் பின்வாசல் வழியா கூட்டிட்டுப் போறா. முன்வாசல்ல என்ன எழுதியிருக்குன்னு எனக்குத் தெரியும். இத்தன வருசமா பஸ்ஸுல அந்தப் பக்கமாத்தான போயிட்டு வாரேன். தெரியும்னு சொன்னா அழுவாளேன்னு நானும் சும்மா இருந்துட்டேன். இப்ப மாடியில போயி அழுதுட்டு வாரா, மூஞ்சியப் பாத்தா தெரியுது. இதுக்குமேல தாங்கமாட்டா. எனக்குத் தெரியும்னு நீரே அவகிட்ட சொல்லிரும்."

வாசலில் கேப் ஹாரன் அடித்தது. மகள் எழுந்திருக்கவில்லை. நான் கட்டில் விளிம்பில் தலையை வைத்துக்கொண்டு, ஊருக்கே கேட்கும்படி அழுதேன். அவர் என் தலையைத் தடவிக்கொண்டே, "கேப்காரனப் போகச் சொல்லு மக்கா" என்று மகளிடம் சொன்னார்.

அதன்பின் கொஞ்ச நாள் எங்கள் வீட்டில் சந்தோஷம்கூட இருந்தது என்று சொன்னால் நம்புவீர்களா? ஆஸ்பத்திரிக்கு முன்வாசல் வழியாகப் போனோம். அவர் போர்டை அண்ணாந்து பார்த்து, பெயிண்டு உரிந்துபோச்சே என்றார். சமாதி எங்கே வைக்க வேண்டும், எந்தச் சட்டை போட வேண்டும் என்றெல்லாம் சொன்னார். நான் அடிக்கடி, உளறாமல் இருங்கள் என்பேன். உனக்கென்ன, இருந்து பேசப்போகிறவள் நீதானே என்பார். ஜெபத்தில் பொய்யில்லாமல் போனது எனக்குப் பெரிய ஆறுதல். ஆண்டவரே, இவரை என்னிடமிருந்து எடுத்துக்கொள்ளாதேயும் என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டே சத்தமாகக் கேட்டேன். தினம் தினம் கேட்டேன்.

வலி மட்டும் ஏறிக்கொண்டே போனது. மாத்திரையைக் கூட்டினார்கள், அப்புறம் அதுவும் கேட்கவில்லை. பாயில் உட்கார்ந்து நாங்கள் பாடும்போது அவர் பல்லைக் கடிக்கிற சத்தம் பாட்டுக்கு நடுவே கேட்கும். ஒரு மத்தியானம் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"ஏளா, போதும்னு நான் ஆண்டவர்ட்ட கேட்டுப் பாத்துட்டேன். நீ தினமும் எடுக்க வேண்டாம்னு கேக்குற. நீ இப்படிப் பிடிச்சிட்டிருந்தா அவரு எப்படி எடுப்பாரு? ஒரே ஒரு தடவ, என் காதுபட விட்டுக்குடு."

அதுக்கு வேற ஆளப் பாருங்க என்று சொல்லிவிட்டு எழுந்துபோய்க் கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவினேன். எனக்கு அப்படி ஒரு கோபம். இந்த மனுஷனுக்குக் கல்நெஞ்சா? கட்டின பெண்டாட்டியிடம் கேட்கிற காரியமா இது? அன்றும் மறுநாளும் ஜெபத்தில் நான் வாயே திறக்கவில்லை. மகள்தான் இரண்டு வரிக்குப் பதில் நிறைய ஜெபித்தாள். அப்பாவுக்கு வலிக்கிறது, அப்பாவுக்கு ரொம்ப வலிக்கிறது என்பதைத் தவிர அதில் வேறொன்றும் இல்லை.

மூன்றாம் நாள் காலையில் அவருக்கு முகம் துடைத்துவிட்டுக்கொண்டிருந்தேன். துணி படுகிற இடமெல்லாம் வலித்தது அவருக்கு. என் கையைத் தட்டிவிட்டார். என்னை ஒருநாளும் தட்டிவிட்டவரில்லை. உடனே, மன்னிச்சுக்கோ என்று என் கையைத் தேடிப் பிடித்தார். அந்தக் கையைப் பிடித்துக்கொண்டே சொன்னேன். ஆண்டவரே, இவரைக் கூட்டிக்கொள்ளும், நான் தடுக்கவில்லை என்று. அவர் கண்ணை மூடிக்கொண்டு, தெளிவாக, "ஆமென்" என்றார்.

சொல்லிவிட்டேனே தவிர எனக்கு நிலைகொள்ளவில்லை. அவர் கண்ணயர்ந்ததும் மாடிக்கு ஓடினேன். தொட்டிக்குப் பின்னால் நின்று, அது மனசாரச் சொன்னதில்லை ஆண்டவரே, அவர் காதுக்காகச் சொன்னேன், நீர் எடுத்துக்கொள்ளாதேயும் என்று கெஞ்சினேன். மறுபடியும் கீழே ஒரு ஜெபம், மேலே ஒரு ஜெபம் என்று ஆகிவிட்டது. அவர் இன்னும் சில நாள் இருந்தார். அந்த நாளெல்லாம் நான் மாடிக்கும் கட்டிலுக்கும் ஓடிக்கொண்டே இருந்தேன். ஒரு சாயங்காலம் நான் துணியை அள்ளிக்கொண்டு இறங்கி வந்தபோது மகள் அவர் பக்கத்தில் உட்கார்ந்து "மம்மி" என்றாள். குரலிலேயே தெரிந்துவிட்டது. துணியெல்லாம் படியில் விழுந்தது.

அடக்கத்துக்கு வந்தவர்கள், ஆண்டவர் மேலும் கஷ்டப்படுத்தாமல் எடுத்துக்கொண்டார், உங்கள் ஜெபத்தைக் கேட்டார் என்று என் கையைப் பிடித்துச் சொன்னார்கள். எந்த ஜெபத்தை என்று கேட்க வாய்வரை வந்தது. வீட்டுக்காரர் ஆமென் சொன்ன ஜெபத்தை எடுத்துக்கொண்டு, நான் தனியாக நின்று கதறினதையெல்லாம் ஆண்டவர் ஒதுக்கிவிட்டார் என்பதை அவர்களிடம் எப்படிச் சொல்ல?

ஊரிலிருந்து வந்தவர்கள் எல்லோரும் ரயிலேறிய பின்னால், வீட்டில் நானும் மகளும் மட்டும். அன்று நாலரை மணிக்கு அவள்தான் பாயை விரித்தாள். பாடவில்லை, வாசிக்கவில்லை. அவள் ஜெபித்து முடித்தாள். முடித்துவைக்க வேண்டியவர் கட்டிலில் இல்லை. அவள் காத்திருந்தாள். எழுந்து மாடிக்குப் போய்விடலாமா என்று பார்த்தேன். மகள் காதுபடவே சொன்னேன்.

"உம்மமேல எனக்குக் கோபம் ஆண்டவரே. தீராத கோபம். ஆனா நீரும் என்னைய விட்டுட்டு எங்கயும் போயிராதேயும்."