பின்னால் வந்த கறுப்புக் கார்

என் தங்கை மாலதி இன்றுவரை கார் ஓட்டக் கற்றுக்கொள்ளாததற்கு நான் சொன்ன ஒரு பொய்தான் காரணம். ஓட்டினால் கண்ணாடியில் பின்னால் பார்க்க வேண்டுமே என்பாள். போன கோடையில், பிரெஞ்சு பேசும் எங்கள் ஊர்ப்பக்கம், புவாண்ட்-கிளேரில் ஒரு கண்காட்சிக்காகப் பழைய அமெரிக்கக் கார்களை வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். வெயிலில் சுட்ட வினைல் இருக்கையின் வாசனை எழுந்ததும் எனக்கு ஒன்பது வயதாகிவிட்டது.

எழுபதுகளின் தொடக்கத்தில் அப்பாவிடம் அப்படியொரு நீளமான ஸ்டேஷன் வேகன் இருந்தது. அதன் கடைசி இருக்கை பின்பக்கம் பார்த்திருக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் இல்-பிசார் படகுத்துறைக்குப் போகையில், அப்பாவும் அம்மாவும் போகிற சாலையைப் பார்க்க, நாங்கள் இருவரும் விட்டுவந்த சாலையையே பார்த்துக்கொண்டிருப்போம். தொடை வினைலில் ஒட்டும், ரேடியோ பிரெஞ்சில் முணுமுணுக்கும், மரங்கள் எங்களை விட்டு விலகிச் சிறுத்துக்கொண்டே போகும். ஒருநாள் அவளை அழவைப்பதற்காக, "அந்தக் கறுப்புக் கார்ல டிரைவரே இல்ல, பாரு" என்றேன். அவள் அழவில்லை. வெகுநேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "ஆமாண்ணா" என்றாள். அதன்பின் சாலை வெறிச்சோடிக் கிடந்த நாட்களிலும், "வருது, இல்லண்ணா?" என்று மெதுவாகக் கேட்பாள். நானும் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "வருது" என்பேன்.

அந்த வாசனை பட்ட அன்றே அவள் வீட்டுக்குப் போய் உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன்.

"நீ பார்க்கவே இல்லியா?"

"இல்லம்மா. சும்மா சொன்னேன்."

"நீயும் அதைப் பார்க்கறேன்னுதானே இத்தனை வருஷம் தைரியமா இருந்தேன்" என்றாள்.

அதுவரை என் காரில் மட்டும் ஏறுவாள். இப்போது அதிலும் ஏறுவதில்லை.