வாடகை வாங்காத வீடு

1. அப்பாவும் அம்மாவும் தம்பியும் தலைமன்னாரில் கப்பல் ஏறினார்கள்.
2. கஹவத்தைக்கு மேலே எங்கள் தோட்டத்தில், நாங்கள் இருந்த ஒற்றை அறை லயக் காம்பரா வேறு குடும்பத்துக்குக் கொடுக்கப்பட்டது.
3. டவுனில் ஒரு பலசரக்குக் கடைக்காரர் வீட்டுப் பின்னறையில் நான் தங்கினேன்.
4. தங்க இடமில்லாத இளம் வயதினருக்காக நகரசபை ஓர் உபவிதி கொண்டுவந்தது.
5. கடைக்காரரின் மகனுக்குக் கல்யாணம் நிச்சயமானது. என் அறை தேவைப்பட்டது.
6. நகரசபை உத்தியோகத்தர் விசாரிக்க வந்தார். கடைக்காரரின் மனைவி என்னைத் தன் தங்கை மகள் என்று சொன்னார்.
7. அதனால் எனக்கு அறை தர முடியாது என்று சபை சொன்னது.

எதையும் வரிசையில் எழுதிவிட்டால் தெளிந்துவிடும் என்று நினைப்பவள் நான். படம் வரையப் படித்தவர்களுக்கு அந்தப் பழக்கம் வந்துவிடும். ஆனால் ஏழாவதில் முதலில் நிற்கும் ‘அதனால்’ எனக்கு இன்னும் பிடிபடவில்லை. ஒருவர் என்னைத் தன் சொந்தம் என்று சொன்னதால் எனக்கு இருக்க இடம் இல்லாமல் போனது. இதை எத்தனை தரம் திருப்பிப் போட்டுப் பார்த்தாலும் ஏதோ ஓர் அளவு தவறிய படம் மாதிரித்தான் தெரிகிறது.

இலங்கை-இந்திய ஒப்பந்தப்படி அப்பா இந்தியாவுக்குப் போக எழுதிக் கொடுத்தபோது எனக்குப் பதினெட்டு முடிந்திருந்தது. தனியாக எழுதிக் கொடுக்கலாம் என்றார்கள். தொழில்நுட்பப் பாடசாலையில் படவரைஞர் பயிற்சியைப் பாதியில் விட மனமில்லாமல், இங்கேயே இருப்பதாக எழுதிக் கொடுத்தேன். அப்பாவுக்குப் பயணப் பத்திரம் வருவதற்குள் நான் பயிற்சியை முடித்து, டவுனில் ஒரு நில அளவையாளரின் கந்தோரில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். அரசாங்கம் தோட்டங்களை எடுத்துத் துண்டு துண்டாகப் பிரித்துக்கொண்டிருந்த காலம் அது. எல்லைக்கோடு போட ஆள் தேவைப்பட்டது.

தோட்டத்துக் காம்பரா அதில் குடியிருக்கும் ஆளுக்குச் சொந்தமல்ல, செக்ரோல் என்ற தொழிலாளர் பதிவேட்டில் இருக்கும் பெயருக்குச் சொந்தம். அப்பா பெயரும் அம்மா பெயரும் அதில் வெட்டுப்பட்டன. என் பெயர் அதில் ஏறியதே இல்லை. அவர்கள் போன கொஞ்ச நாளில் கணக்கப்பிள்ளை வந்து வாசலில் நின்றார்.

“பாப்பா, நான் ஒன்னும் சொல்லலை. அவங்க சட்டி பானையோட இஸ்தோப்புல குந்திக்கிட்டு இருக்காங்க. நீயே பாத்துக்க.”

எட்டிப் பார்த்தேன். கைக்குழந்தையோடு ஒரு குடும்பம் என் வீட்டு முன்விறாந்தையில் உட்கார்ந்திருந்தது. அந்தப் பெண் என்னைப் பார்த்துச் சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் பார்த்தாள். எனக்கும் தெரியவில்லை. அன்றே பெட்டியைக் கட்டினேன்.

டவுனில் அந்தக் கடையில்தான் அப்பா பல வருடம் சாமான் வாங்கினார். முதலாளியும் அவர் மனைவியும் இந்தியாவிலிருந்து வியாபாரத்துக்கு வந்த குடும்பம். லயத்துக்காரர்களைக் கடைக்கு வெளியே நிற்கவைத்து சாமான் கொடுத்த கடைகளும் அதே தெருவில் இருந்தன. இவர்கள் அப்படியில்லை. முதலாளியம்மா என்னைப் பின்னறைக்குக் கூட்டிப்போய், மகன் கொழும்பில் வேலை செய்வதால் அறை சும்மா கிடக்கிறது என்றார். முதல் நாளே இன்னொன்றும் சொன்னார்.

“என்னைய முதலாளியம்மான்னு கூப்புடாத. கடையில வேல செய்றவங்க கூப்புடுறது அது. பெரியம்மான்னு கூப்புடு.”

முதல் சம்பளம் வாங்கியதும் வாடகையை ஒரு கடித உறையில் போட்டு நீட்டினேன். பெரியம்மா அதைத் தொடவில்லை.

“ஏன், எங்க வீட்ட லொட்ஜுன்னு நெனச்சியா?”

முதலாளி மேசையிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னார்: “உள்ள வையிம்மா அத. நாளைக்கு இந்தத் தெருவே பேசும், லயத்துப் புள்ளகிட்ட வாடக புடுங்குறான்னு. எனக்கு ஏற்கெனவே இருக்கிற நல்ல பேரு போதும்.”

சும்மா இருந்து சாப்பிடுவது எனக்குக் கூச்சமாக இருந்தது. காலையில் தேங்காய் துருவினேன், சம்பல் அரைத்தேன், கந்தோர் விட்டு வந்ததும் அரிசியில் கல் பொறுக்கினேன். வெள்ளிக்கிழமைகளில் வீட்டைக் கழுவிவிட்டேன். யாரும் செய் என்று சொன்னதில்லை. நான் செய்வதை யாரும் வேண்டாம் என்று தடுத்ததும் இல்லை. பெரியம்மாவுக்குப் பெண் பிள்ளை இருந்திருந்தால் அவளும் இதைத்தான் செய்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன். அது சரியான கணக்குத்தானா என்று அப்போது நான் பார்க்கவில்லை.

நகரசபையின் உபவிதியை அறிவித்தல் பலகையில் ஒட்டியிருந்தார்கள். சிங்களத்தில் இருந்தது. எனக்கு வாசிக்க வரும். இருபத்தைந்து வயதுக்குட்பட்ட ஒருவர், பெற்றோர் உடன் இல்லாமல், டவுன் எல்லைக்குள் பிறர் வீட்டில் வாடகைக்கோ வேலைக்கோ தங்கியிருந்தால், வீட்டுக்காரர் அவரை நினைத்தபடி வெளியேற்றிவிட முடியாது. அறை வேண்டுமென்றால் முதலில் சபைக்கு அறிவிக்க வேண்டும். சபை தன் விடுதியில் இரண்டு வருடத்துக்கு ஓர் அறை கொடுக்கும். உறவினர் வீட்டில் இருப்பவர்களுக்கு இது பொருந்தாது. அவ்வளவுதான். ஒரு சட்டம் என் வயதைக் குறிப்பிட்டு, என் நிலைமையைக் குறிப்பிட்டுப் பேசியது அதுதான் முதல் தடவை. பலகைக்கு முன்னால் அதிக நேரம் நின்றுவிட்டேன்.

விடுதியை எனக்கு முன்பே தெரியும். பழைய றப்பர் களஞ்சியம் ஒன்றைச் சபை வாங்கி அறைகளாகப் பிரித்தபோது, எங்கள் கந்தோர்தான் அளந்தது. படத்தை நான் வரைந்தேன். கிழக்குப் பக்கத்து அறைகளில்தான் காற்று வரும் என்பதும், மூலை அறைக்கு இரண்டு ஜன்னல் என்பதும் எனக்குத் தெரியும்.

மகனுக்குப் பெண் பார்த்து, ஆவணியில் கல்யாணம் என்று நிச்சயமானது. அவன் கொழும்பு வேலையை விட்டு வந்து கடையைப் பார்த்துக்கொள்ளப் போகிறான். வீட்டில் அறை அந்த ஒன்றுதான் உபரி. பெரியம்மா என்னைப் போகச் சொல்லவில்லை.

“நீ முன் ஹோல்ல படுத்துக்க. அதுக்கு என்னா இப்ப?” என்றார். கொஞ்சம் பொறுத்து, “வர்றவ எப்பிடியோ, யாரு கண்டா” என்றும் சொன்னார்.

சபைக்கு விண்ணப்பம் போட்டதைப் பெரியம்மாவிடம் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. விடுதி பக்கத்தில்தானே, வந்து சாப்பிட்டுப் போகலாம் என்றார். விசாரிக்க சபையிலிருந்து ஒரு மாத்தயா வருவார் என்றும் சொன்னேன். அவரிடம் என்ன சொல்ல வேண்டும் என்று நான் சொல்லிக்கொடுக்கவில்லை. வீட்டுப் பெரியவர்களுக்கு அப்படிச் சொல்லிக்கொடுப்பது யாருக்கு வரும்?

அவர் ஒரு மாலையில் குடையோடு வந்தார். வயதானவர், மெதுவாகப் பேசுபவர். கடையின் உள்பக்கம் கதிரை போட்டு, தேத்தண்ணீரும் பிஸ்கட்டும் கொடுத்தார்கள். பெரியம்மா சிங்களத்தைத் தமிழ் மாதிரியே பேசுவார். இந்தப் பிள்ளை உங்களுக்கு யார் என்று உத்தியோகத்தர் கேட்டார்.

“மகே நங்கிகெ துவ,” என்றார் பெரியம்மா. என் தங்கச்சி மகள்.

அவர் என்னைப் பார்த்தார். “அப்ப சொந்தம்தானே?”

“சொந்தம்தான் மாத்தயா. நல்ல புள்ள, நல்ல குடும்பம். யாரு எவருன்னு தெரியாததையா வீட்டுல வச்சிருப்போம்? நீங்க நம்பிக் குடுக்கலாம்.”

அப்படியா என்று அவர் என்னிடமும் கேட்டார். நான் தலையை அசைத்தேனா, சும்மா நின்றேனா என்று இப்போது நினைவில்லை. அந்நியர் முன்னால் பெரியம்மாவைப் பொய்க்காரியாக்கும் அளவுக்கு எனக்கு வாய் இல்லை என்பது மட்டும் தெரியும். அவர் தேத்தண்ணீரைக் குடித்து முடித்தார். எழுந்திருக்கும்போது, “நீ அதிர்ஷ்டக்காரி துவ, உனக்கு ஆட்கள் இருக்கிறார்கள். யாருமே இல்லாதவர்கள் எத்தனை பேர்,” என்றார்.

அவர் போனதும் பெரியம்மாவுக்கு ஒரே திருப்தி. “பாத்தியா, எவ்வளவு பதமா சொன்னேன். ஆளு இல்லாத புள்ளன்னு தெரிஞ்சா ரூம் குடுப்பானா?”

பெரியம்மா சொன்னதில் தப்பில்லை. எங்கள் ஆட்களிடையே எதுவும் அப்படித்தான் கிடைக்கும். தோட்டத்தில் பேர் பதிய, காம்பரா வாங்க, கடையில் வேலைக்கு நிற்க, ‘இது நம்ம ஆளு, என் சொந்தம்’ என்று ஒருவர் முன்னால் நின்று சொல்ல வேண்டும். இல்லாத உறவையும் சொல்வார்கள். அதை யாரும் பொய் என்று எண்ணுவதில்லை, பொறுப்பு எடுத்துக்கொள்கிறார் என்றுதான் எண்ணுவார்கள். யாருமில்லை என்று சொன்னால்தான் கதவு திறக்கும் என்று ஒரு சட்டம் இருக்கக்கூடும் என்பது பெரியம்மாவுக்கு எப்படித் தெரியும்?

சபையின் பதில் வந்தபோது நான் வாசித்துச் சொன்னேன். பெரியம்மா நம்பவில்லை. “இது என்னா சட்டம்? சொந்தம்னா குடுக்க மாட்டானா? அப்ப சொந்தக்காரங்க எல்லாரும் மாளிகையிலயா இருக்காங்க?”

முதலாளி சிரித்தார். “தங்கச்சி மகளுன்னு சொன்னேல்ல, இனி கல்யாணமும் நீயே பண்ணி வையி.” பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். “போய் உள்ளதச் சொல்லிட்டு வாங்க. அந்த மாத்தயா நல்ல மனுசன்.”

மறுநாள் பெரியம்மா நல்ல சேலை கட்டிக்கொண்டு என்னோடு சபைக்கு வந்தார். அந்த உத்தியோகத்தர் எங்களை உட்காரச் சொன்னார். இது என் தங்கை மகள் இல்லை, அன்றைக்கு ஒரு மதிப்புக்குச் சொன்னேன் என்றார் பெரியம்மா. அவர் கோபிக்கவில்லை.

“சரி. அப்படியானால் வாடகைக்கு இருக்கிறாள்.”

“வாடகையா? நாங்க வாடக வாங்குறதில்ல.”

“வாங்கியதாகச் சொன்னால் போதும், நோனா.”

“சொந்தம் இல்லன்னு சொல்லிட்டேன். வாடக வாங்கினேன்னு சொல்ல மாட்டேன். இந்த டவுனுல நாங்க தலை காட்டணும்.”

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அவருடைய குழப்பம் உண்மையானது. சொந்தமும் இல்லை, வாடகையும் இல்லை. அப்படியென்றால் இந்தப் பிள்ளை உங்கள் வீட்டில் என்னவாக இருந்தாள் என்று கேட்டார். பெரியம்மா சேலைத் தலைப்பைச் சரிசெய்தார். உத்தியோகத்தர் கொஞ்சம் யோசித்துவிட்டு, உதவி செய்யும் எண்ணத்தோடுதான், என்னிடம் கேட்டார். வீட்டு வேலை ஏதாவது செய்கிறாயா?

“செய்கிறேன்,” என்றேன்.

“வீட்டு வேலைக்கு இருந்ததாக எழுதினால் விதிக்குள் வரும். எழுதட்டுமா?”

பெரியம்மாவின் கை என் முழங்கையில் பட்டது. “எங்க வீட்டுல அது வேலைக்காரி இல்ல மாத்தயா. அது படிச்ச புள்ள, கந்தோர்ல படம் வரையிற புள்ள.”

உத்தியோகத்தர் எனக்காகக் காத்திருந்தார். ஹோலில் பாயை விரித்துப் படுத்திருக்கும் என்னைத் தாண்டி ஒரு புது மணப்பெண் காலையில் அடுப்படிக்குப் போவதை நினைத்தேன். அவளும் சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் பார்ப்பாள்.

“லியன்ன மாத்தயா,” என்றேன். எழுதுங்கள்.

அவர் எழுதினார். அவர் காட்டிய இடத்தில் பெரியம்மா கையெழுத்து வைத்தார்.

வெளியே வந்து மார்க்கட் வரைக்கும் நடந்தோம். அங்கே பெரியம்மா கேட்டார், “ஏன்டி, நான் உன்ன அப்பிடியா வச்சிருந்தேன்?”

“இல்ல பெரியம்மா.”

“அப்பறம் ஏன் எழுதச் சொன்ன?”

“எனக்கு ரூம் வேணும் பெரியம்மா.”

அவர் கத்தரிக்காயும் முருங்கைக்காயும் வாங்கினார். நிறைந்த பையை வாங்கிக்கொள்ள எப்போதும் போல் கையை நீட்டினேன். அன்றைக்கு அவர் முழுதாக விடவில்லை. நானும் விடவில்லை. ஆளுக்கொரு பிடியைப் பிடித்துக்கொண்டு, நடுவில் பை ஆட ஆட, வீடு வரைக்கும் அப்படியே நடந்தோம்.

கல்யாணத்தில் என்னைச் சொந்தக்காரப் பெண்களோடு முதல் பந்தியில் உட்காரவைத்தார். சாப்பிட்டு எழுந்ததும் அடுத்த பந்திக்கு இலை போட நான் போனேன். யாரும் போகச் சொல்லவில்லை. இலை போட்டுக்கொண்டிருந்தபோது, நான் எந்தப் பக்கத்து ஆள் என்று மணப்பெண் வீட்டு அம்மா ஒருவர் கேட்டார். மாப்பிள்ளை பக்கம் என்றேன். அதுவும் சரியா என்று தெரியவில்லை.

இப்போது நான் விடுதியில் மேற்குப் பக்கத்து அறை ஒன்றில் இருக்கிறேன். காற்று குறைவு. சபையின் பதிவில் அந்த வீட்டு வேலைக்காரி. ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே சாப்பிடப் போகிறேன். பெரியம்மா முன்பு போலப் பேசுகிறார், ஆனால் நான் அம்மிப் பக்கம் போனால் எழுந்து வந்து குழவியை வாங்கிக்கொள்கிறார். இரண்டு வருட அனுமதியில் பாதிக்கு மேல் முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு எங்கே இருப்பேன் என்பது இன்னும் முடிவாகவில்லை.