நூலண்ணனின் கோணல் காடு

அந்தச் சரிவு முழுக்க மக்காச்சோளம் நின்ற காலத்தில் நூலண்ணன்தான் அங்கே டிராக்டர் ஓட்டினார். அவர் உழுத சாலில் நூலை இழுத்துப் பிடித்தால் ஒரு விரல்கூட விலகாது என்று பேச்சு. பெயரும் அப்படி வந்ததுதான். வீட்டிலும் மனிதர் அப்படியேதான். செருப்பு சுவரை ஒட்டி நேராக நிற்க வேண்டும், அலமாரியில் டம்ளர்கள் உயரவாரியாக நிற்க வேண்டும். "கோடு போடாம இவருக்குத் தண்ணிகூட உள்ள எறங்காது" என்று அவர் மனைவி போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள்.

பிறகு மண் களைத்துப்போயிற்று. எவ்வளவு உரம் கொட்டினாலும் கதிர் பிடிக்கவில்லை. முதலாளி கையை உதறிவிட்டு, நிலத்தைக் காடாக்குகிறோம் என்று கேட்டு வந்தவர்களிடம் கொடுத்துவிட்டுப் போனார். நூலண்ணனுக்கு வயல் ஓரத்து இரண்டு அறை வீடும், கன்று நடும் வேலையும் கிடைத்தன. வேலையைப் பார்த்துக்கொள்ள முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ் போட்ட ஒரு பெண் வந்தாள். எல்லாருக்கும் அவள் வனக்காரம்மா.

முதல் வாரம் நூலண்ணன் மாங்குமாங்கென்று நட்டார். வனக்காரம்மா மேட்டில் ஏறிப் பார்த்தாள், இடுப்பில் கை வைத்தாள்.

"என்னண்ணே இது? பள்ளிக்கூடத்துல பிள்ளைங்களை வரிசையில நிக்க வச்ச மாதிரி இருக்கு. காடு இப்படியா இருக்கும்? இந்தச் சந்து வழியாக் காத்து சர்ருனு போய் மண்ணைக் காய வச்சிரும்."

"கலைச்சு நடணும், அவ்வளவுதானே?" என்றார் நூலண்ணன். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டது அப்புறம்தான் தெரிந்தது. கூழாங்கற்களை வீசிப் பார்த்தார். விழுந்த இடத்தில் நடத்தான் போவார். ஆனால் கிட்டே போனதும் கால் சும்மா இருக்காது, கல்லை இப்படிக் கொஞ்சம், அப்படிக் கொஞ்சம் என்று நகர்த்திவிடும். கண்ணை மூடிக்கொண்டு நடந்தும் பார்த்தார். திறந்தால் வரிசை. தலைகீழாக நின்றாலும் அந்தக் கைக்குக் கோணல் வரவில்லை.

அந்தச் சமயத்தில்தான் மனைவிக்கு நினைவு தப்ப ஆரம்பித்திருந்தது. அடுப்பைப் பற்றவைத்துவிட்டு எங்காவது நடந்துவிடுவாள். டவுனில் இருக்கும் மகள் போனில் பிடிபிடியென்று பிடித்தாள்.

"அம்மாவை நான் கூட்டிட்டு வந்துர்றேன்ப்பா. மூணாவது மாடி, கதவுக்கு நல்ல பூட்டு. எங்கயும் போக முடியாது."

எங்கேயும் போக முடியாது என்பதை அவள் ஆறுதலாகத்தான் சொன்னாள். ஆனால் நடப்பது ஒன்றுதான் மனைவிக்கு மிச்சமிருந்த சந்தோஷம்.

"இங்கயே இருக்கட்டும்மா. நான் பார்த்துக்கறேன்."

"சரி. ஒரு தடவை தொலைஞ்சாலும் நான் வந்து கூட்டிட்டுப் போயிருவேன். அப்புறம் பேசக்கூடாது."

மறுநாளிலிருந்து மனைவியையும் சரிவுக்கு அழைத்துப் போனார். மழைக்கு முந்திய பனிமூட்டம். அவள் தூக்கத்தில் நடப்பவள்போல மெல்லப் போனாள். ஓரிடத்தில் நின்றாள். அங்கே ஒன்றுமில்லை, ஈரமண்தான். அதைப் பார்த்துச் சிரித்தாள். அவளைத் தனியே விடப் பயந்து, கையிலிருந்த அத்திக் கன்றை அவள் காலடியிலேயே குழிதோண்டி நட்டார் நூலண்ணன். அவள் நகர்ந்தாள். வேறொரு பக்கம் வளைந்து போய் நின்றாள். அங்கே ஒரு நாவல். அப்புறம் கிட்டக்கிட்ட மூன்று இடம், பிறகு வெகுதூரத்துக்கு நிற்கவே இல்லை. பனிக்குள் அவள் சேலைநிறம் ஒன்றுதான் தெரிந்தது. அதன் பின்னாலேயே போய்க்கொண்டிருந்தார். எவ்வளவு நேரம் போனது என்றே தெரியவில்லை.

பனி விலகியதும் வனக்காரம்மா பார்த்தாள். "இப்பதாண்ணே காடு மாதிரி இருக்கு. எப்படிப் பண்ணீங்க?"

"எனக்கு எங்க தெரியும்? உங்க அண்ணியைத்தான் கேக்கணும்."

அப்படியே சில மழைக்காலங்கள் போயின. கன்றுகள் ஆளுயரம் தாண்டின. பழைய சோளத்தட்டை மக்கிய மண்ணில் காளான் முளைத்தது. யாரும் நடாத செடிகளைப் பறவைகள் கொண்டுவந்து போட்டன. இலவம்பஞ்சு பறக்கும் மாதங்களில் இருவரும் அதற்குள் நடந்தால் வெயில்கூடப் பச்சையாக, கனவில் வருகிற மாதிரி விழும். மனைவியின் பேச்சு குறைந்துகொண்டே வந்தது. "என்னங்க" என்று கூப்பிடுவது மட்டும் நிற்கவில்லை. அந்த ஒரு சொல் இருக்கும்வரை அவள் நினைவில் தன் இடம் போய்விடவில்லை என்று அவர் நம்பிக்கொண்டிருந்தார்.

மகள் பார்க்க வந்திருந்த ஒரு நாள், பேச்சு சுவாரசியத்தில் இரண்டு பேருமே அசந்துவிட்டார்கள். திரும்பிப் பார்த்தால் பின்கதவு திறந்து கிடந்தது. வெளியே பனி.

"நான்தான் அன்னைக்கே சொன்னேனே" என்று அழ ஆரம்பித்தாள் மகள். "அம்மா" என்று கத்தப் போனவளை நூலண்ணன் தடுத்தார்.

"கத்தாதே, பயந்துருவா. என் பின்னாடியே வா."

அவர் ஓடவில்லை. முதலில் அத்தி. அங்கே இல்லை. இடப்பக்கம் வளைந்து நாவல். அங்கேயும் இல்லை. கிட்டக்கிட்ட நிற்கும் மூன்று மரம். அவள் நின்ற இடங்கள் ஒவ்வொன்றும் அவருக்கு மனப்பாடம். அவற்றின் நடுவே ஒரு பாதை, அவருக்கு மட்டும் தெரிந்தது. வெகுதூரம் நிற்காமல் நடந்த அந்த முதல் நாள் நடையின் முடிவில், ஒரு மரத்தில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு அவள் நின்றிருந்தாள்.

அவரைப் பார்த்துப் புன்னகைத்தாள்.

"வாங்க ஐயா. இந்தக் காட்டை யாரு வச்சது?"

ஐயா. "என்னங்க" இல்லை. மகள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏம்மா கேக்கறீங்க?" என்றார்.

"ரொம்ப அழகா இருக்கு. எங்க வீட்டுக்காரர்கிட்ட விட்டிருந்தா நூல் பிடிச்சு வச்சிருப்பார். கோடு போடாம அவருக்குத் தண்ணிகூட உள்ள எறங்காது." பழைய சிரிப்பு, ஒரு சொட்டுக் குறையவில்லை.

அவருக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தன. எதிரே நிற்பவரை மறந்தவளுக்குத் தன் புருஷனை எவ்வளவு நன்றாக ஞாபகம் இருக்கிறது!

"இது அவர் வச்சதில்லம்மா. அவர் வீட்டம்மா வச்சது."

"அப்படியா? கெட்டிக்காரிதான்" என்றாள் அவள். பிறகு மரத்திலிருந்து கையை எடுத்து, யாருக்கும் காத்திராமல் நடந்தாள். காடு இன்னும் எட்டாத வெற்றுமண்ணின் ஓரத்தில் போய் நின்று, கீழே பார்த்துச் சிரித்தாள்.

மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பூட்டைப் பற்றி அவள் பேசவில்லை.

"அப்பா, வீட்டுல கன்னு ஏதாவது மிச்சம் இருக்கா?" என்று கேட்டாள்.