பன்னிரண்டு வாரம் சும்மா இருந்தவர்கள்

கௌதமி இறந்த செய்தி வந்தபோது நான் ஓர் ஆய்வு மாணவியின் வாய்மொழித் தேர்வில் உட்கார்ந்திருந்தேன். பெண் கிரிக்கெட் வீராங்கனைகளுக்கு எந்தப் பயிற்சி அதிகப் பலன் தருகிறது என்பது அவளுடைய தலைப்பு. ஒரு காலத்தில் என் தலைப்பும் அதுதான், அதனால்தான் என்னைத் தேர்வாளராகக் கூப்பிட்டிருந்தார்கள். தெரியாத எண்ணிலிருந்து வந்த அழைப்பை இரண்டு முறை துண்டித்தேன். மூன்றாவது முறை எரிச்சலோடு வெளியே வந்து எடுத்தேன்.

"மிஸ், நான் பவானி பேசறேன். கௌதமி அக்கா பூட்டாங்க மிஸ். காலைல பிராக்டிஸ் முடிச்சி வூட்டுக்கு வந்தாங்க. நெஞ்சு வலிக்குதுன்னு உக்காந்தாங்க, அவ்ளோதான்."

"எந்தப் பவானி?" என்று கேட்டேன்.

அந்தப் பெண் சாதாரணமாகச் சொன்னாள்: "உங்க லிஸ்ட்ல சி-ஏழு மிஸ்."

கௌதமியைத் தெரிந்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நினைவுக் கூட்டத்தில் கௌதமி உங்களுக்கு என்னென்ன செய்தாள் என்று ஒவ்வொருவரும் சொன்னீர்கள். நான் அவளுக்கு என்ன செய்தேன் என்பதைச் சொல்லியிருக்க வேண்டும். மைக் கைக்கு வந்ததும் "நல்ல தோழி" என்று இரண்டு வாக்கியம் பேசிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். வெட்கக்கேடு, வேறென்ன.

தண்டையார்பேட்டையில் ஒரே பள்ளியில் படித்தோம், ஒரே அணியில் ஆடினோம். நான் கல்லூரியில் உடற்கல்வி விரிவுரையாளர் ஆனேன். அவள் பாரிமுனையில் ஒரு கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். ஆனால் தினமும் காலை ஐந்தரைக்கெல்லாம் வியாசர்பாடியிலிருந்து கிளம்பி, எங்கள் பகுதிக் குடோன்களுக்குப் பின்னால் இருக்கும் மைதானத்துக்கு வந்துவிடுவாள். முப்பது பெண்பிள்ளைகள் அவளிடம் கிரிக்கெட் கற்றார்கள். முனைவர் பட்டத்துக்கு எனக்கு முப்பது வீராங்கனைகள் தேவைப்பட்டபோது வேறு எங்கே போவேன்? அவளிடம்தான் போனேன்.

திட்டத்தை விளக்கினேன். பத்துப் பேருக்குத் துள்ளல் பயிற்சி, பத்துப் பேருக்கு எடைப் பயிற்சி. மீதிப் பத்துப் பேர் பன்னிரண்டு வாரத்துக்கு எதுவும் செய்யக்கூடாது. அவர்களோடு ஒப்பிட்டால்தான் மற்ற இரண்டும் எவ்வளவு பலன் தந்தன என்று தெரியும். கௌதமி வாயில் கை வைத்துச் சிரித்தாள். "இன்னாடி ரேவு, சும்மா கீறதுக்குக் கூடவா ஒரு குரூப்பு? இதுக்கா உனக்கு டாக்டர் பட்டம்?" சிரித்தாளே தவிர மறுக்கவில்லை. குடோனில் கழித்துப்போட்ட மரப்பலகைத் தட்டுகளைக் கேட்டு வாங்கி, தாண்டிக் குதிக்கப் பெட்டிகள் அடித்துக்கொடுத்ததும் அவள்தான். சீட்டுக் குலுக்கினோம். பிள்ளைகளின் பெயருக்குப் பதில் நான் எண் கொடுத்தேன். சும்மா இருக்க வேண்டியவர்கள் சி-ஒன்று முதல் சி-பத்து வரை.

அந்தப் பத்துப் பேரும் மதில்மேல் உட்கார்ந்து மற்றவர்கள் குதிப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். கௌதமி அவர்களிடம் ஸ்கோர் நோட்டையும் பேனாவையும் கொடுத்து எழுத வைத்தாள். ஏன் என்று கேட்டேன். "ஒரு பொண்ண சும்மாவே குந்த வச்சா, நாம எதுக்கும் லாயக்கில்லன்னு அதுவே நெனச்சிக்கும்டி" என்றாள். அதை அன்று நான் காதில்கூடப் போட்டுக்கொள்ளவில்லை.

பதினோராம் வாரத்தில் மாவட்ட அணித் தேர்வு வந்தது. கௌதமி கல்லூரி வாசலுக்கே வந்துவிட்டாள். வேலைக்கு விடுப்பு போட்டு வந்திருந்தாள்.

"ஒரே ஒரு வாரம். பவானிய மட்டும் வுடு. ரெண்டாவது ரன்னுக்குத் திரும்பறதுல அவளை மாதிரி யாரும் கெடையாது, உனக்கே தெரியும். இப்ப கால் மரத்துப் போயி கீது. நான் ஓட வச்சி சரி பண்ணிக்கிறேன்."

"ஒருத்தியை எடுத்தாலும் பதினோரு வார வேலையும் வீண் கௌதமி. முடியாது."

"அது வயசுக்கு இதான்டி கடைசி சான்ஸ்."

"முடியாதுன்னா முடியாது."

"சரி. வாக்குக் குட்த்துட்டேன், மீற மாட்டேன். நீயும் மீறாத. எல்லாம் முடிஞ்சதும் நீயே வந்து இந்தப் பத்துப் பேருக்கும் சொல்லிக்குடு. கூடவே அளந்து பாரு." கண்டிப்பாக வருகிறேன் என்றேன்.

அவள் நினைத்திருந்தால் எனக்குத் தெரியாமல் பவானியை ஓட வைத்திருக்கலாம். நான் கண்டுபிடித்திருக்கவே முடியாது. அவள் செய்யவில்லை. தேர்வு ஆட்டத்தில் பவானி இரண்டாவது ரன்னுக்குத் திரும்பியபோது தாமதமாகி ரன் அவுட் ஆனாள், பட்டியலில் அவள் பெயர் வரவில்லை. அடுத்த வாரம் கடைசி அளவெடுப்பு. சி-ஏழு ஓடித் திரும்ப எடுத்துக்கொண்ட நேரம் முன்பைவிட அதிகமாகியிருந்தது. அந்த எண்ணைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டேன். சும்மா இருந்த குழு எவ்வளவு பின்தங்குகிறதோ, என் ஆய்வு அவ்வளவு நன்றாக நிற்கும். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

துள்ளல் பயிற்சிதான் சிறந்தது என்று முடிவு வந்தது. பட்டமும் வந்தது. பாராட்டு விழாவுக்குக் கௌதமி பிள்ளைகளோடு வந்து, "டாக்டரம்மா, எப்ப வர்ற?" என்று காதோரம் கேட்டாள். செமஸ்டர் முடியட்டும் என்றேன். அடுத்த செமஸ்டரும் முடிந்தது. அதன்பின் மைதானத்துக்கு முந்தைய நிறுத்தத்திலேயே பஸ்ஸிலிருந்து இறங்கி, சுற்றிக்கொண்டு கல்லூரிக்குப் போக ஆரம்பித்தேன். எத்தனை வருடம் அப்படிப் போனேன் என்று எனக்குத்தான் தெரியும். எப்போதாவது சந்தையில் பார்த்தால் என் முட்டிவலியைப் பற்றித்தான் விசாரிப்பாள். பயிற்சியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கமாட்டாள். மறந்துவிட்டாள் என்று நானே நினைத்துக்கொண்டேன். அது எனக்கு எவ்வளவு வசதியாக இருந்தது.

மூலக்கொத்தளத்தில் அடக்கம் முடிந்ததும் பவானி என்னைத் தேடி வந்தாள். இப்போது காட்டுப்பள்ளியில் ஒரு கன்டெய்னர் யார்டில் வேலை செய்கிறாள். விடுமுறை நாட்களில் கௌதமியோடு சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துவந்தாள். "அக்கா உங்களுக்குன்னு ஒண்ணு வச்சினு இருந்தாங்க" என்று மைதானத்துக்கு அழைத்துப் போனாள். நான் அங்கே கால் வைத்து எட்டு வருடம் ஆகியிருந்தது. மரப்பெட்டிகள் அப்படியே இருந்தன, உடைந்த பலகைகளை மட்டும் மாற்றியிருந்தார்கள்.

கொட்டகையிலிருந்து ஒரு நீள நோட்டைக் கொண்டுவந்து கொடுத்தாள். திறந்து பார்த்தேன். என் ஆய்வேட்டின் துள்ளல் பயிற்சி அட்டவணையைக் கௌதமி வாரம் வாரமாகத் தன் கையால் படியெடுத்திருந்தாள். எதிரே பத்துப் பெயர்கள். அனிதா, செல்வி, மெர்சி, ஷாகிரா... ஏழாவதாகப் பவானி. எண் எதுவும் இல்லை. பெயர்களுக்கு நேராகப் பன்னிரண்டு வாரத்துக்கும் டிக் அடித்திருந்தாள். நான் வராமல் போன பன்னிரண்டு வாரத்தை அவளே நடத்தி முடித்திருக்கிறாள்.

கடைசியில் இரண்டு பத்திகள். 'முன்னாடி' என்பதன் கீழே என் ஆய்வேட்டிலிருந்த எண்களை எடுத்து எழுதியிருந்தாள். 'பின்னாடி' என்பதன் கீழே பத்துக் கட்டமும் காலி. மேலே சின்ன எழுத்தில், 'ரேவு வந்து எடுக்கணும்.'

"நாங்களே வாட்ச் வச்சி எடுத்துக்கறோம்னு சொன்னோம் மிஸ்" என்றாள் பவானி. "அக்கா ஒத்துக்கல. 'அளக்கறேன்னு சொன்னது அவ, அவ வருவா'ன்னாங்க."

அவளே என் கையைப் பிடித்து, "பரவால்ல மிஸ். இப்ப ஓடனா டைம் ஜாஸ்தியாத்தான் வரும்" என்று சிரித்தாள்.

கௌதமியிடமிருந்து என்னிடம் இருப்பது அந்த நோட்டு ஒன்றுதான். அலமாரியில் என் ஆய்வேட்டுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். அந்தப் பத்துப் பெயர்களும் இப்போது எனக்கு மனப்பாடம். கட்டங்களில் எழுதத்தான் எதுவும் இல்லை. இருந்தும் நேற்றுக் காலை ஐந்தரைக்கு, முந்தைய நிறுத்தத்தில் இறங்காமல், மைதானத்து நிறுத்தத்திலேயே இறங்கினேன்.