ஆர்மோனியத்துக்கு ஒரு விளக்கு

கண்ணைக் கட்டிக்கொண்டு ஆர்மோனியம் வாசிக்கத் தெரிந்தவர் என் மாமா. யாரோ சொல்லக் கேட்டு இதைச் சொல்லவில்லை. கட்டியதே நான்தான். அம்மாவின் பழஞ்சேலைத் துண்டை நாலாக மடித்து, இறுக்கி முடிச்சுப் போட்டு, மூக்கோரமாகத் திருட்டுத்தனமாய்ப் பார்க்கிறாரா என்று விரலை ஆட்டிச் சோதித்த பிறகுதான் வாசிக்க விடுவேன். ஒரு கட்டை தப்பாது. எனக்கு அப்போது ஒன்பது வயது. உலகத்தில் என் மாமாவை மிஞ்சின வித்துவான் கிடையாது என்பதில் எனக்குச் சந்தேகமே இருந்ததில்லை.

அதனால்தான் அந்த விளக்கு விஷயம் எனக்கு அவ்வளவு அவமானமாக இருந்தது.

எங்கள் ஊர் எடப்பாடி. மாமா அம்மாவின் தம்பி. எங்கள் வீட்டிலேயே இருந்து பகலெல்லாம் தறி நெய்வார். அமாவாசையன்று ஊரில் தறி ஓடாது. அன்றைக்குச் சந்தைப்பேட்டைக் கொட்டகையில் நாடகம் நடக்கும். மாமா மேடைக்குக் கீழே, மேடையைப் பார்த்து உட்கார்ந்து ஆர்மோனியம் வாசிப்பார். அது காலால் மிதிக்கிற பெரிய பெட்டி. தறியிலும் மிதி, இங்கேயும் மிதி, இவன் காலுக்கு அமாவாசைகூடக் கிடையாது என்று அப்பா கேலி செய்வார்.

நாடகத்துக்கு உயிர் காட்டுக் காட்சிதான். நாட்டை இழந்த ராஜா நடு இருட்டில் ராணியைத் தேடி அலைகிற இடம். மேடையிலிருந்த இரண்டு காஸ் லைட்டுகளையும் ஆட்கள் திரைக்குப் பின்னால் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். பக்கத்தில் இருப்பவர் முகம்கூடத் தெரியாது. ராஜா பாடிக்கொண்டே பின்னாலிருந்து மேடையின் விளிம்புவரை நடந்து வருவார். பாட்டு முடிகிற இடத்தில் எரிகிற பந்தத்தில் குங்கிலியப் பொடியை வீசுவார்கள். பளீரென்று மின்னல் வெட்டும், ராணி தெரிவாள். அந்த ஒரு மின்னலைப் பார்க்கச் சுற்றுப்பட்டிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வருவார்கள்.

இந்தக் காட்சிக்குத்தான் மாமா விளக்கு வேண்டும் என்றார். இருட்டில் கட்டை தெரியவில்லையாம். ஒரு பிஸ்கோத்து டப்பாவை வெட்டி, உள்ளே சின்னச் சிம்னி விளக்கை வைத்து, பெட்டியின் தலையில் பொருத்தினார். டப்பாவின் முன்பக்கம் திறப்பு. வெளிச்சம் கட்டைகள் மேல் மட்டும் விழும். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் பின்பக்கம், மேடையைப் பார்த்த பக்கத்தில், ஒரு விரல் நுழைகிற அளவுக்கு ஓட்டை. தறி நெய்கிறவருக்குத் தகரம் வெட்ட வருமா, உளி தவறிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

ஊர் சும்மா இருக்குமா? 'விளக்குப் பெட்டிக்காரர்' என்று பெயர் வைத்துவிட்டது. தெருப் பையன்கள் மாமாவைக் கண்டால் பட்டப்பகலில் விளக்கு ஏற்றுகிற மாதிரி சைகை காட்டுவார்கள். மாமாவும் அவர்களோடு சேர்ந்து சிரிப்பார். எனக்குத்தான் வயிற்றெரிச்சல்.

ராஜாவாக வருபவர் திருச்செங்கோட்டுப் பக்கத்துக்காரர். எல்லோருக்கும் அவர் ராஜபார்ட்தான். நாடகத்தன்று எங்கள் வீட்டில் தங்குவார். எட்டுக் கட்டைக் குரல், பெரிய மீசை, ஐந்து பெண்களைக் கட்டிக்கொடுக்க வேண்டிய மனிதர். எனக்கு அவர்மேல் இரண்டு குறை. ஒன்று, அவர் வந்தால் அம்மா முருங்கைக்கீரையைத் தவிர வேறெதுவும் சமைக்க மாட்டாள். விருந்தாளிக்கு இப்படியா என்று எனக்கே கூச்சமாக இருக்கும். இன்னொன்று, பொழுது இறங்கிவிட்டால் கொல்லைக்குப் போகக்கூட அவருக்கு மாமா கூடப் போக வேண்டும். கையைப் பிடித்துக்கொண்டு வேறு போவார். மேடையில் ராஜா என்றால் வீட்டிலுமா மந்திரி வேண்டும்?

ஆனால் அவர் நடிப்பை நானும் குறை சொல்ல மாட்டேன். காட்டுக் காட்சி முடிந்து மின்னல் வெட்டும்போது, ஒரு கையை நீட்டித் தடவியபடி நிற்பார் பாருங்கள்! இருட்டில் தடுமாறுவதை இந்த மனுஷனைப் போல எவனும் நடிக்க முடியாது என்று ஊரே மெச்சியது.

ஒரு அமாவாசையன்று நாடகக் கான்ட்ராக்டர் எங்கள் வீட்டுக்கு வந்து மாமாவைச் சத்தம் போட்டார்.

“ஏனுங்க வாத்தியாரே, உங்க டப்பாவுல இருந்து வெளிச்சம் மேடைக்கு ஒழுகுதுங்க. அப்புறம் மின்னலு எப்படி எடுக்கும்?”

“பாக்கறனுங்க” என்றார் மாமா. ஆனால் டப்பாவைத் தொடவில்லை.

நான் பார்த்தேன். தறிப் பாவு நூலுக்குப் போட்டு மிச்சமிருந்த கஞ்சிப் பசையை விரலில் எடுத்து, கறுப்புத் துணித் துண்டில் தடவி, அந்த ஓட்டையை அடைத்தேன். மேலே இன்னொரு துண்டு. மாமாவிடம் சொல்லவில்லை. நாடகம் முடிந்து கான்ட்ராக்டர் அவரைப் பாராட்டும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று வைத்திருந்தேன்.

அன்றிரவு பெண்கள் பக்கத்தில், முன்வரிசையில் அம்மாவோடு உட்கார்ந்திருந்தேன். காஸ் லைட்டுகள் போயின. மேடை கறுப்பாயிற்று. ஒரு பொட்டு வெளிச்சம் ஒழுகவில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ராஜபார்ட் பாட ஆரம்பித்தார். அவர் காலில் கட்டைச் செருப்பு. ஒவ்வொரு அடியும் பலகையில் டொக், டொக் என்று கேட்கும். வழக்கமாக விளிம்புக்கு மூன்றடி முன்னால் அளந்து வைத்த மாதிரி நின்றுவிடுவார். அன்றைக்கு நிற்கவில்லை. மேடை விளிம்பில் பலகை ஒன்று உண்டு, மிதித்தால் கிரீச்சிடும். அது கிரீச்சிட்டது.

ஆர்மோனியம் நின்றது. அடுத்த கணம் டப்பா தரையில் விழுந்து உருண்டது. மாமா அதைப் பிடுங்கி எறிந்துவிட்டு, சிம்னி விளக்கைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். அவருக்கு நேர் மேலே ராஜா. செருப்பு நுனி பலகைக்கு வெளியே தெரிந்தது. அவர் அந்த வெளிச்சத்தை ஒரு தரம் பார்த்தார். காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து பாட்டை எடுத்தார். பாதி வெளிச்சத்தில் குங்கிலியம் வீசினார்கள். மின்னல் அடுப்புப் புகை மாதிரி வந்து போயிற்று.

கொட்டகையே சீட்டி அடித்தது. கான்ட்ராக்டர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிவந்தார். மாமா கூட்டத்தைப் பார்த்துத் திரும்பிக் கைகூப்பினார்.

“மன்னிக்கோணுமுங்க. கட்டை தெரியலீங்க.”

என்னால் பொறுக்க முடியவில்லை. எழுந்து நின்று கத்தினேன்: “பொய்யிங்க! எங்க மாமா கண்ணைக் கட்டிக்கிட்டே வாசிப்பாருங்க!”

கூட்டம் இன்னும் சிரித்தது. அம்மா என் தொடையில் கிள்ளிய கிள்ளு நாலு நாள் கன்றியிருந்தது. அடுத்த அமாவாசைக்கு வேறு ஆர்மோனியக்காரரைப் பார்த்துக்கொள்வேன் என்று கான்ட்ராக்டர் குதித்தார். இந்த வாத்தியார் இல்லையென்றால் நானும் வரமாட்டேன் என்று ராஜபார்ட் மேடையிலிருந்தே சொல்லிவிட்டார். சரி, முருங்கைக்கீரை தின்ற நன்றியாவது இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை அவர் என்னைக் கூப்பிட்டார்.

“நேத்து கத்துனது நீதானா சாமி?”

“ஆமாங்க.”

“நீ சொன்னது நெசந்தான். உங்க மாமன் கண்ணைக் கட்டிக்கிட்டே வாசிப்பாரு. எனக்குந் தெரியும்.”

எனக்குச் சாட்சி கிடைத்துவிட்டது! அப்படியானால் இதை ஊர்க்காரர்களிடம் சொல்லுங்கள் என்றேன். அவர் மீசையைத் தடவினார்.

“சொல்லோணும்னுதான் இருக்குது சாமி” என்றார். சொல்லவில்லை. அன்றைக்கும் சொல்லவில்லை, என்றைக்கும் சொல்லவில்லை. மீசை வைத்த கோழை என்று அவரை வெகு காலம் மனத்துக்குள் திட்டிக்கொண்டிருந்தேன்.

எனக்குக் கல்யாணமாகி, என் மூத்தவன் விளக்கு வைக்கிற நேரத்தில் வாசற்படி தெரியாமல் இடறி விழ ஆரம்பித்தான். மாலைக்கண் என்றார் வைத்தியர். முருங்கைக்கீரை ஆக்கிப் போடு என்றார். முறத்தை மடியில் வைத்துக் கீரை உருவிக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. அம்மாவின் சமையல், கொல்லைக்குக் கைப்பிடித்துக் கூட்டிப் போனது, ஊரே மெச்சிய அந்த நடிப்பு, டப்பாவின் பின்பக்கத்து ஓட்டை. கண் தெரியாத ராஜாவை எந்தக் கான்ட்ராக்டர் மேடையேற்றுவான்? கீரை உருவிய கையோடு அப்படியே உட்கார்ந்து அழுதேன்.

ஆனால் அந்தக் காலையில் எனக்கு ஒன்றும் தெரியாது. ராஜபார்ட் ஊருக்கு வண்டி ஏறிய பிறகு, மாமா நசுங்கிய டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு என் கஞ்சித் துணியை உரித்தார். யார் ஒட்டியது என்று கேட்கவில்லை. டப்பா நகராமல் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, உளியை எடுத்து அந்த ஓட்டையை இன்னும் பெரிதாக்கினார்.

“வேண்டாங்க மாமா, வெளிச்சம் ஒழுகுமுங்க” என்று நான் சிணுங்கிக்கொண்டே பிடித்திருந்தேன்.

“ஒழுகட்டும் சாமி” என்றார் மாமா, நிமிராமல். நான் அவர்மேல் கோபமாகவே டப்பாவை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.