சிவப்புக் கல்லுக்கு வெந்நீர்

மாமாவின் நிச்சயதார்த்தத்துக்குப் புது மோதிரம் வேண்டாமென்று அம்மா சொல்லிவிட்டாள். தனக்கு நிச்சயத்தன்று போட்ட மோதிரத்தையே தம்பி பெண்டாட்டிக்குப் போடப்போகிறாளாம். பட்டை மோதிரம், இரண்டு பக்கமும் கொடி ஓடும், நடுவில் ஒரு சிவப்புக் கல். கல்லைப் பதித்திருந்தது அடிப்பக்கம் மூடிய பழைய கட்டடத்தில். கல்லுக்கு அடியில் மெல்லிய தகடு வைத்திருப்பார்கள், கல் ஜொலிப்பதே அதனால்தான். தண்ணீர் இறங்கினால் தகடு கறுத்துவிடும். எட்டு வயதில் இதெல்லாம் எனக்கு எங்கே தெரியும்?

கொடியின் இடுக்கெல்லாம் அழுக்கு. மாமா என்றால் எனக்கு உயிர். அவர் கட்டிக்கப்போகிற பெண்ணுக்கு அழுக்கு மோதிரமா? நிச்சயத்தன்று காலையில் யாருக்கும் தெரியாமல் வெந்நீரில் சீயக்காய்த் தூளைக் கரைத்து, மோதிரத்தை ஊறவைத்துத் தேய்த்தேன். தங்கம் பளபளத்தது. அடேயப்பா, நான்தான் எவ்வளவு கெட்டிக்காரி! துடைத்து டப்பாவில் வைத்துவிட்டேன்.

திருவாரூரில் பெண் வீடு. நாத்தனார்தான் மோதிரம் போடவேண்டும் என்று அம்மாவைக் கூப்பிட்டார்கள். டப்பாவைத் திறந்தவள் கை அப்படியே நின்றுவிட்டது. கல் ஆறிப்போன கரித்துண்டு மாதிரி இருந்தது.

"என்னங்க இது, கல்லு இருண்டு கெடக்கு? நல்ல காரியத்துல..." என்று இழுத்தார் பெண்ணின் பெரியம்மா.

கல்யாணம் நின்றுவிடும் என்று பயந்துபோய் ஓவென்று அழுதுவிட்டேன். பெண் என்னை ஒருமுறை பார்த்தாள். பிறகு கையை நீட்டினாள்.

"பழைய கட்டடம்னா அப்படித்தான் இருக்கும் பெரியம்மா. நீங்க போடுங்க அண்ணி."

போட்டதுமே கல்லை உள்ளங்கைப் பக்கம் திருப்பி, விரல்களை மூடிக்கொண்டாள். போட்டோவுக்குக்கூடத் திறக்கவில்லை.

திரும்பும் வேனில் மாமாவின் காதில் பார்த்ததைச் சொன்னேன். "மாமா, அவங்களுக்கு நம்ம மோதிரம் பிடிக்கல. ஒளிச்சு வெச்சுக்கிட்டாங்க." மாமா முகம் சுண்டிப்போயிற்று.

கல்யாணமான மறுவாரம் புது அத்தை என்னைத் தனியாகப் பிடித்து, "வெந்நீர்ல போட்டியாடி? நானும் எங்கம்மா தோட்டை அப்படித்தான் பாழாக்குனேன்" என்று சிரித்தாள். யாரும் கல்லை உற்றுப் பார்த்து என்னைப் பிடித்துவிடக் கூடாதென்றுதான் கையை மூடியிருக்கிறாள், மகராசி.

நிச்சயத்துக்கும் கல்யாணத்துக்கும் நடுவே மூன்று மாதம். அந்த மூன்று மாதமும் மாமா பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனார். அதைப் புது மாப்பிள்ளை வெட்கம் என்று நினைத்து, கைதட்டிக் கேலி செய்துகொண்டிருந்தேன் நான்.